கொட்டகைப் பெட்டியும் ரோஸ் நிற சீலும்

மார்ச் 3, ஞாயிறு

மாடியில் கூழ் வத்தல் பிழிந்துவிட்டு இறங்கி வந்தால் ஹாலில் உட்கார இடமில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளி, நடுவில் ஒற்றை நாற்காலியைப் போட்டு, அதன் நான்கு கால்களையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு கிழித்து வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். நாற்காலி அங்கிருந்து ஒரு அங்குலம்கூட நகரக் கூடாதாம். பெருக்கும்போது என்ன செய்வது என்று கேட்டேன். "சுத்திப் பெருக்கு" என்றார்.

ராசிபுரத்தில் இடித்த சினிமாக் கொட்டகையிலிருந்து வந்த இரண்டு ஸ்பீக்கர்கள்தான் இப்போது இந்த வீட்டின் எஜமானர்கள். ஒவ்வொன்றும் பீரோ உயரம். கீழே மரப்பெட்டி, அதன் தலையில் உலோகக் கூம்பு. கூம்புக்கு அவர் பாஷையில் ஹார்ன். பாட்டின் கனத்த ஒலி பெட்டிக்குப் போக வேண்டும், மெல்லிய ஒலி ஹார்னுக்குப் போக வேண்டும். பிரித்து அனுப்பும் சுற்றுக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் நான் செய்த வேலையை இதில் காயில் என்கிற இரண்டு கம்பிச் சுருளும் இரண்டு கண்டென்சரும் செய்கின்றன, சம்பளமில்லாமல்.

வந்த சிக்கல், கிராஸ்ஓவர் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று அவரே காயில் சுற்றிச் செய்தது, எளிமையானது. இரண்டாவது கொட்டகையிலேயே இருந்த இரும்புப் பெட்டி; உள்ளே செத்துப்போன கண்டென்சர்களை மட்டும் மாற்றியிருக்கிறார். நம்பர் ஒன்றா, நம்பர் இரண்டா என்று வருகிற 24ஆம் தேதிக்குள் முடிவாக வேண்டும். அன்று ஈரோட்டுக் குணசீலனும் அவர் கூட்டாளிகள் மூன்று பேரும் கேட்க வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இவருக்குப் பாம்புக் காது என்று பெயர். ஏகாம்பரம் அண்ணன் கேட்டுச் சொன்னால் சரி என்று, இவர் சொல்கிறதையே தங்கள் பெட்டியிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்வார்கள். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு மிச்சமிருக்கிற ஒரே உத்தியோகம் இந்தக் காதுதான்.

இன்று முதலாவது சோதனை. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்று சுவிட்சைத் திருப்புவது என் வேலை. அவர் எனக்கு எதிரே அந்தச் சாக்பீஸ் நாற்காலியில் அரைக்கண் மூடி உட்கார்ந்து, ஓடுவது ஒன்றா இரண்டா என்று சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னார். காலரைத் தூக்கிவிடாத குறை.

எனக்கு எது பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு என்பேன். ஒன்றில், பாடுகிற அந்த அம்மாள் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டில் உள்ளே வந்து உட்கார்ந்து பாடுகிறாள்.

மார்ச் 5, செவ்வாய்

வத்தல் பாதி காய்ந்தது. அணில் கொஞ்சம் தின்றது.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மருந்துக் கடையில் நிறுத்துங்கள் என்று அவர் வலது தோள் பக்கமாகச் சொன்னேன். நிறுத்தவில்லை. கடை தாண்டி, சிக்னல் தாண்டி, வீட்டுக்கே வந்துவிட்டோம். "ஹெல்மெட் போட்டா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றார். மாத்திரை வாங்க நானே நடந்து போய் வந்தேன். கால் வலி. எரிச்சலாக இருந்தது.

மார்ச் 8, வெள்ளி

மறுபடி பத்துக்குப் பத்து. "ஒண்ணுல கண்ணாடி மாதிரி தெளிவு, ரெண்டுல ஒரு குழைவு" என்று குணசீலனுக்குப் போனில் விளக்கினார். போனை இடது காதில் வைத்துக்கொண்டிருந்தார். இவர் வலது கைக்காரர். எப்போதிலிருந்து இடது காது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

குணசீலன் வந்திருந்தார். மனிதர் வந்தால் கூடவே ஒரு சட்டமும் வரும். இன்றைய சட்டம், சுவிட்சைத் திருப்புகிறவர் கேட்கிறவர் கண்ணில் படக் கூடாது என்பது.

"ஏனுங்கண்ணா, அண்ணி கை எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரிஞ்சா அது பரீட்சையே இல்லீங்களே. நடுவால ஒரு துணியைக் கட்டீருங்க. இருபத்து நாலாந்தேதி அப்படித்தான் வெக்கோணும். பெங்களூர் டாக்டர் வேற வர்றாரு, அவரு எல்லாத்துக்கும் ஆதாரம் கேப்பாரு."

"அவ கையை யாருய்யா பார்த்தா? நான் கண்ணை மூடிக்கிட்டுல்ல உட்கார்ந்திருக்கேன்" என்றார் இவர். ஆனாலும் முகம் கொஞ்சம் சுருங்கியது.

பழைய சோலாப்பூர் போர்வையைத் துணிக்கொடியில் போட்டுக் கட்டினோம். நான் போர்வைக்குப் பின்னால் நின்று திருப்பினேன். அவர் சொன்னதில் பாதிதான் சரி. குணசீலன் பஜ்ஜி தின்றுகொண்டே, "போர்வை சத்தத்தைக் குடிக்குதுங்க" என்று காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். அப்படியும் இருக்கலாம்.

மார்ச் 11, திங்கள்

காஸ் சிலிண்டர் வந்தது. காலிங் பெல் மூன்று முறை அடித்தானாம். நான் மாடியில் இருந்தேன். அவர் ஹாலில்தான் இருந்தார்.

மார்ச் 13, புதன்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டு அடித்துவிட்டாலும் போயிற்று.

போர்வையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி மறுபடி சோதனை. நடுவில் என் மூக்கின் மேல் கொசு உட்கார்ந்தது. அதை விரட்டுகிற அவசரத்தில் சுவிட்சைத் திருப்ப மறந்துவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர், "ஆகா! இப்பப் பாரு, குரல் எப்படித் திறந்துக்கிச்சு!" என்றார்.

கொசு போய்விட்டது. அடுத்த மூன்று தடவை நான் வேண்டுமென்றே திருப்பாமல் நின்றேன். மூன்று தடவையும் அவருக்கு வித்தியாசம் கேட்டது.

முடிந்ததும் எத்தனை சரி என்று கேட்டார். எட்டு என்றேன். போர்வையை விலக்கி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எட்டா? பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த முதல் நாளே எங்கள் சூப்பர்வைசர் அம்மா சொன்னது, லைனில் காதில் விழுவது எதுவும் வாயில் வரக் கூடாது என்று. யார் யாரோடு சண்டை, எந்த வீட்டில் சாவு, எந்தக் கல்யாணம் நின்றுபோனது, எல்லாம் எனக்குத் தெரியும். ஊரில் யாருக்கும் தெரியாது. அப்போது அது சுலபமாக இருந்தது, எல்லாம் அடுத்த வீட்டு விஷயம்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று சோதனை வேண்டாம், சும்மா பாட்டு கேட்கலாம் என்றேன். ஒப்புக்கொண்டார். போர்வையை அவிழ்த்து மடித்து வைத்தேன். மடித்த கையோடு நானும் சோபாவில் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் நான் பகலில் உட்கார்ந்து பாட்டு கேட்டது எப்போது என்றே தெரியவில்லை.

ஒன்று கவனித்தேன். நம்பர் ஒன்று ஓடும்போது அவர் உதடு பாட்டோடு சேர்ந்து அசைகிறது. சொல் சொல்லாக, சரியாக. இரண்டுக்கு மாற்றினால் உதடு நின்றுவிடுகிறது. தலையை மட்டும் ஆட்டுகிறார், தாளத்துக்கு. எனக்குக் குத்துகிற ஒன்றில்தான் அவருக்கு வார்த்தை கிடைக்கிறது.

குக்கரில் பருப்பு குழைந்து பாயசமாகிவிட்டது. பாட்டு மும்முரத்தில் நான் விசிலை எண்ணவில்லை. அவரைக் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "ரெண்டு வந்திருக்கும்" என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

இரண்டு பெட்டிகளையும் முன்னால் இழுத்து, பின்பக்கத்து முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஒயர்களைத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தார். இது அவருடைய வழக்கம். திருகு தானாகத் தளராது, யாராவது கை வைத்தாலும் தெரிந்துவிடும் என்பார். மீட்டருக்குச் சீல் வைத்தே பழகிய கை. என் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய நாவல்பழ நிற பாட்டிலை வழித்தெடுத்துத் தீர்த்துவிட்டார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டு போட்டார். நேற்றுவரை இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று பாடிய அந்த அம்மாளைக் காணோம். குரல் இந்த மூலையிலும் அந்த மூலையிலுமாகக் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கியது. ஒன்றுக்கு மாற்றினாலும் அப்படித்தான், இரண்டுக்கு மாற்றினாலும் அப்படித்தான்.

"சுத்தம் பண்ணினதுல எப்படித் தெளிஞ்சிருச்சு பார்த்தியா?" என்றார்.

நான் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

மார்ச் 20, புதன்

அவரே ஒரு தடவை எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கத்து ஹார்னில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், குரல் நடுவில் நிற்காது என்று. ஹார்ன் ஒயர் இரண்டும் கொட்டகைப் புகையில் ஒரே பழுப்பாகிவிட்டது. மாற்றி மாட்டியிருக்கிறார். எவருக்கும் வரக்கூடிய தப்புதான். ஆனால் மாட்டிய பிறகு கேட்டால் தெரியும். இரண்டு காதாலும் கேட்கிறவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிற நான்கு பேருக்கும் உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிடும். அந்தப் பெங்களூர் டாக்டர் சிரித்தாலும் சிரிப்பார்.

சொல்லிவிடலாம். சொன்னால், உனக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி வரும். அதற்கு என்னிடம் இருக்கிற பதிலை நான் எப்படிச் சொல்வேன்? கேட்பதற்காகவே காலையில் எழுந்திருக்கிற மனுஷனிடம்.

நாள் பூராவும் தலைவலி. சமையல் சுமார்.

மார்ச் 22, வெள்ளி

அவர் பேங்குக்குப் போனார், லைஃப் சர்டிஃபிகேட்டில் ஏதோ சந்தேகம். கேட் சாத்தின சத்தம் கேட்டதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, வலது பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முட்டி மடங்கவில்லை, கால் நீட்டித்தான் உட்கார முடிந்தது. இடது பெட்டியைப் பார்த்து ஒப்பிட்டேன். சிவப்புப் புள்ளி வைத்த முனைக்கு வர வேண்டிய ஒயர் இங்கே பக்கத்து முனையில் இருந்தது. திருகின் மேலிருந்த நாவல்பழ நிறப் பாலிஷைச் சுரண்டினேன். திருடுகிற மாதிரி இருந்தது, என் வீட்டு ஹாலிலேயே. மாற்றி மாட்டினேன். பாட்டு போட்டேன்.

அந்த அம்மாள் திரும்ப நடுவில் வந்து நின்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் சீல் ஞாபகம் வந்தது. நாவல்பழ நிற பாட்டில் காலி. டிரஸ்ஸிங் டேபிளில் ரோஸ் நிறம் ஒன்று இருந்தது. அதையே வைத்தேன். பெட்டிக்குப் பின்னால் இருட்டு, யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 23, சனி

நாளைக்கு வருகிறவர்களுக்குப் பலகாரமாகக் கடையில் தட்டுவடை செட் சொல்லியாயிற்று. காபிக் கொட்டை வறுத்து அரைத்து வந்தது. போர்வையைத் துவைத்துக் காயவைத்தேன்.

சாயந்தரம் பெட்டிகளைச் சரியாகச் சுவரோரம் தள்ளுகிறேன் என்று பின்னால் போனவர், டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பல்லியா?"

"ஆமா. பல்லிதான்" என்றார்.

ராத்திரி என்னைவிட அவர்தான் அதிகம் புரண்டார்.

மார்ச் 24, ஞாயிறு

எல்லோரும் போன பிறகு எழுதுகிறேன். இன்னும் ஹாலில் தட்டுவடைத் தூள் கிடக்கிறது.

பத்து மணிக்கு நான்கு பேரும் வந்துவிட்டார்கள். முதல் பாட்டு போட்டதுமே குணசீலன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நடுவால ஆளு நிக்குதுங்கண்ணா. எந்திரிச்சுக் கும்பிடோணும் போல இருக்குது" என்றார். டாக்டர்கூடத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

போர்வையைக் கட்ட நான் எழுந்தேன். "அது வேண்டாம்" என்றார் இவர்.

"அண்ணா, போர்வை இல்லீன்னா பரீட்சை..."

"பரீட்சை இருக்குது. ஆனா நான் எழுதலை." என்னைப் பார்த்து, "புனிதா, நீ போய் அந்த நாற்காலியில உட்காரு. இன்னிக்கு நான் திருப்புறேன், நீ சொல்லு" என்றார்.

நான்கு ஆம்பளைகள் முன்னால் இதென்ன கூத்து என்று மறுத்துப் பார்த்தேன். அவர் விடவில்லை. சாக்பீஸ் கோட்டை மிதிக்காமல் போய் உட்கார்ந்தேன். அவர் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில், எனக்கு நேர் எதிரே நின்றார், நான் தினமும் நிற்கிற இடத்தில். ஒன்றைப் போட்டார், இரண்டைப் போட்டார், மறுபடி ஒன்றைப் போட்டார்.

"இந்தப் பெட்டிக்கு எதைப் பத்தவெக்கட்டும்?"

யோசிக்க ஒன்றுமில்லை, மூன்று வாரமாக யோசித்ததுதான். அவர் உதடு எதில் அசைந்ததோ அதைச் சொன்னேன். "ஒண்ணு."

குணசீலன் ஆச்சரியமாகத் திரும்பினார். இவர் சிரித்தார்.

"எக்ஸ்சேஞ்ச் பொய் சொல்லாதே புனிதா. ஒண்ணு ஓடுறப்ப உன் நெத்தி சுருங்குது. ரெண்டு போட்டா விரிஞ்சுக்குது. உன் நெத்தி ரெண்டுங்குது, வாய் மட்டும் ஏன் ஒண்ணுங்குது?"

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார், ஏதோ கரண்ட் கட் அறிவிப்பு சொல்கிற மாதிரி, நிதானமாக.

"தீபாவளியிலேர்ந்து எனக்கு வலது காது கேக்கலை. இடதுலயும் மேல்சத்தம் போயிருச்சு. பத்துக்குப் பத்து சொன்னேனே, அது ஸ்பீக்கரைக் கேட்டுச் சொன்னதில்லை, இவ நெத்தியைப் பார்த்துச் சொன்னது. குணசீலன் போர்வையைக் கட்டினான், என் வண்டவாளம் தண்டவாளத்துல ஏறிருச்சு. அதுக்கும் இவ எட்டுன்னு மார்க் போட்டா. ஒண்ணும் கேக்காம குத்துமதிப்பாச் சொன்னவனுக்கு எட்டு வருமா?"

பாட்டை நிறுத்தாமலே அடுத்ததையும் சொன்னார்.

"இன்னொண்ணு. வலது ஹார்னை நான் தலைகீழா மாட்டிவெச்சிருந்திருக்கேன். எனக்குத் தெரியலை. இவ மாத்திப் போட்டுட்டு, மேல ரோஸ் கலர்ல சீல் வெச்சிருக்கா. முப்பது வருஷமா மீட்டர் சீலையே பார்த்தவனுக்கு உடைச்ச சீல் தெரியாதா?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். காபிக்குப் பால் வைக்கிற மாதிரி நின்றுகொண்டு அழுதேன். கண்டுபிடித்துவிட்டார் என்ற வெட்கமா, இத்தனை மாதம் தனியாக இதைச் சுமந்திருக்கிறாரே என்ற கோபமா என்று தெரியவில்லை. இரண்டும்தான். ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் போர்வை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே.

ஹாலில் குணசீலன் குரல் மெதுவாகக் கேட்டது. "ஏனுங்கண்ணா, அப்ப போன மாசம் எங்கூட்டுக்கு வந்து எம் பெட்டியில ரெண்டு கிராஸ்ஓவரையும் கேட்டுட்டு, ரெண்டாவதுதான் சரீன்னு சொன்னீங்களே? அதை நம்பிப் பத்தவெச்சுட்டேனுங்களே?"

"அன்னிக்கு உங்க அண்ணி எங்க உட்கார்ந்திருந்தா?"

"எதிர் சோபாவுல."

"அப்புறம் என்ன?"

முதலில் டாக்டர்தான் சிரித்தார். அப்புறம் எல்லோரும். குணசீலன் அடுப்படி வாசலுக்கே வந்து, "அண்ணி, அடுத்த மாசம் மறுக்கா எங்கூட்டுக்கு வரோணும். மேல்சத்தத்துக்கு இருக்கற ட்வீட்டர் ஒண்ணு மாத்தறேன்" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டே சரி என்றேன்.

மார்ச் 25, திங்கள்

காலையில் நான்தான் பேச்சை எடுத்தேன். "ஒண்ணுலதானே உங்களுக்கு வார்த்தை கேக்குது. அதையே போடுங்களேன். எனக்குப் பழகிடும்."

"உனக்கு எதுக்குப் பழகணும்? எனக்கு வார்த்தையெல்லாம் மனப்பாடம்" என்றார்.

டாக்டர் இங்கே சேலத்திலேயே ஒரு காது மருத்துவரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை போகிறோம். கருவி வைக்க வேண்டி வருமாம். வைத்தால் பாட்டு தகர டப்பா மாதிரி இருக்குமே என்று பயப்படுகிறார். நீங்கள் கேளுங்கள், உங்கள் நெற்றியைப் பார்த்து நான் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 26, செவ்வாய்

நம்பர் இரண்டைப் பற்றவைத்தாயிற்று. ஈயம் உருக்கினது அவர், ஒயர் பிடித்தது நான். ஒன்றைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். திருகுக்கெல்லாம் சீல் வைக்கும்போது, "ரோஸா, நாவல்பழமா?" என்று கேட்டார். நாவல்பழம் தீர்ந்துபோனது அவருக்குத் தெரியும்.

சாயந்தரம் ஹாலைப் பெருக்கப் போனேன். சாக்பீஸ் கோட்டுக்குள் நாற்காலி இல்லை. அதைச் சோபா பக்கமாக, நான் உட்காருகிற மூலையைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார். இந்தக் கோணத்தில் ஸ்பீக்கர் சரியாகக் கேட்காதே என்றேன். "கேக்கறதுக்குத்தான் நீ இருக்கியே, எனக்கு நீ தெரிஞ்சாப் போதும்" என்றார்.

இனிமேல் பாட்டுக்கு நடுவில் பால்காரர் பாக்கியை நினைத்துக்கூட நெற்றியைச் சுருக்க முடியாது. உடனே எழுந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுவார்.